படத்தின் ஓரத்தில் ஒரு பட்டை

மைக் அணைந்துதான் இருக்கிறதா என்று மங்கை மறுபடியும் பார்த்துக்கொண்டாள். அணைந்துதான் இருந்தது. அணைந்திருந்தும் மூச்சு விடுவதுகூட அந்தப் பக்கம் கேட்டுவிடுமோ என்று ஒரு பயம், அதென்ன பயமோ, இந்த வயதில், இத்தனை ஊர்க் கண்காட்சிகளைப் பற்றி எழுதித் தள்ளிய பிறகும். மேலே மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. அசோக் நகர் மத்தியானம் பழைய பேப்பர்காரரின் ஒலிபெருக்கியாக ஒருதரம் கத்திவிட்டு அடுத்த தெருவுக்குப் போனது. திரையில் மூன்று முகங்கள். நடுவர் குழுத் தலைவி இங்க்ரிட், வடக்கே ஏதோ ஒரு துறைமுக நகரத்தில், கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு. சாவ் பாவ்லோவில் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் காப்பிக் கோப்பையோடு ரஃபயேல். நைரோபியில் வாம்புய், அவளுக்குப் பின்னால் ஒரு மாடிப்படி, அதில் அவ்வப்போது ஒரு பூனை. மிச்சக் கட்டத்தில் மங்கையர்க்கரசி, சென்னை, வாயை அடைத்துக்கொண்டு. அடுத்த வருடம் இங்க்ரிட்டின் ஊரில் நடக்கப்போகிற கலைவிழாவில், துறைமுகத்துப் பழைய கிடங்கு ஒன்றை முழுசாக ஒரே ஒரு கலைஞருக்குக் கொடுக்கப்போகிறார்கள். எங்கெங்கிருந்தோ வந்த விண்ணப்பங்களைக் கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு பேர்தான் மிச்சம். உப்பளங்களைப் படம்பிடிக்கிற லிஸ்பன்காரர் ஒருவர், சிவகாசி மாரீஸ்வரி இன்னொருவர். மாரீஸ்வரியின் வீட்டுக்குத் தான் போயிருப்பதையும் அவளைப் பற்றி ஒரு சிற்றிதழில் எழுதியிருப்பதையும் மங்கை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டாள். பரவாயில்லை, அதற்காகத்தானே உங்களைக் கூப்பிட்டோம் என்று இங்க்ரிட் சிரித்தாள். அதற்காகத்தான். தெற்கிலிருந்து ஒரு குரல் வேண்டும், அந்தக் குரல் நல்ல இங்கிலீஷ் பேச வேண்டும், மற்றவர்கள் தீர்மானித்த பிறகு ஆமோதிக்க வேண்டும். ஒவ்வொருவராகப் பேசி முடித்து, பிறகு ஓட்டு. கடைசியாகப் பேச வேண்டியவள் மங்கை. முதலில் பேச ஆரம்பித்தவன் ரஃபயேல், போன கூட்டம் வரைக்கும் லிஸ்பன்காரரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியவன், இன்றைக்கு வாயைத் திறந்ததும் மாரீஸ்வரி என்றான். மங்கைக்கு ஒரு கணம் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகமாகிவிட்டது.

திரையில் மாரீஸ்வரியின் படம் விரிந்தது. பட்டாசு ஆலையிலிருந்து சாயங்காலம் வேனில் வீடு திரும்புகிற பெண்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூக்கம். எல்லாம் சாம்பல். சேலை சாம்பல், கை சாம்பல், வேனின் தகரம் சாம்பல். ஆனால் ஒவ்வொரு சாம்பலும் வேறு வேறு, அதைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் வேண்டும், அந்த நேரத்தை இந்தக் கூட்டத்தில் யாரும் கொடுக்கவில்லை. படத்தின் இடது ஓரத்தை ஒட்டி, மேலிருந்து கீழாக, ஒரு பட்டை. நீலம், ரோஜா, மஞ்சள், கறுப்பு என்று சின்னச் சின்னக் கட்டங்கள். ரஃபயேல் அந்தப் பட்டையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். பாருங்கள், என்றான், வண்ணம் முழுக்க வெளியே இருக்கிறது. உலகத்தின் திருவிழாக்களுக்கெல்லாம் வண்ணம் செய்துகொடுக்கிற பெண்களின் படத்துக்குள் வண்ணம் நுழையவே இல்லை, விலைச்சீட்டு மாதிரி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒன்பது படத்திலும் அதே இடத்தில், அதே பட்டை, என்ன ஒரு கட்டுப்பாடு, என்ன ஒரு கேலி. மங்கைக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, ஓட்டு விழுகிறதே என்ற அற்ப சந்தோஷம், அது முகத்துக்கு வருவதற்குள் கண் பட்டையின் மேல் போனது. அட, அது அச்சகத்துப் பட்டை. ஆஃப்செட்டில் அடிக்கும்போது மை சரியாக விழுகிறதா என்று பார்க்கத் தாளின் ஓரத்தில் விடுகிற பட்டை, காலண்டரை வெட்டும்போது குப்பைக்குப் போவது. மாரீஸ்வரி ஏன் அதை ஒட்டினாள் என்பதும் மங்கைக்குத் தெரியும், தெரியாமல் எப்படி இருக்கும், விழாக்காரர்களுக்கு விண்ணப்பக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுத்ததே இவள்தானே. நிறங்கள் சரியாகத் தெரிவதற்காக, ஓவியத்தின் ஓரத்தில் ஒரு வண்ண அட்டையை வைத்துப் புகைப்படம் எடுக்கவும். இவளுடைய வாக்கியம்தான். புகைப்படக்காரர்கள் பைக்குள் வைத்திருக்கிற வெளிநாட்டு அட்டையை மனதில் வைத்து எழுதியது. அந்த அட்டையாக இருந்திருந்தால் ரஃபயேல் ஒரே பார்வையில் தாண்டிப் போயிருப்பான். மாரீஸ்வரி அந்த அட்டைக்கு எங்கே போவாள், தான் வேலை பார்க்கிற அச்சகத்திலிருந்து ஒரு பட்டையைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறாள், சொன்னபடியே ஒட்டியிருக்கிறாள். படம் எடுத்த பிறகு அதை வெட்டிவிட்டு அனுப்பவும் என்று குறிப்பில் இல்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்று யாரும் எழுதுவதில்லை. ரஃபயேல் இன்னும் பேசிக்கொண்டே இருந்தான், நன்றாகத்தான் பேசினான், அதுதான் கஷ்டம். உளறினால் சிரித்துவிட்டுப் போகலாம். இதை வைத்துக்கொண்டு மங்கையே ஒரு மூச்சில் பத்துப் பக்கம் எழுதிவிடுவாள், தலைப்புகூட மனசுக்குள் வந்துவிட்டது, வெட்கமில்லாமல். சும்மா இருந்தால் போதும். வாயைத் திறக்காமல், தன் முறை வரும்போது ஆமாம் நானும் என்று சொல்லிவிட்டால் கிடங்கு மாரீஸ்வரிக்கு. எதற்காக இந்த ஒரு வருடமாக இவள் தொண்டை வறளப் பேசினாளோ அது மடியில் வந்து விழும். வேண்டாம் என்று சொல்ல இவள் யார்.

மாரீஸ்வரியின் வீட்டில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதை இவளுக்குப் போட்டுவிட்டு அவள் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். படங்கள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்ந்து நின்றன, ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினாள், முழுசாக எதையும் நிமிர்த்தி வைக்க இடமில்லை, பாதிப் படம் வெளிச்சத்தில், பாதிப் படம் பீரோ நிழலில். கலர் தண்ணீர் வைப்பதற்கென்றே ஒரு எவர்சில்வர் டம்ளர், இன்னொரு டம்ளரில் மங்கைக்குக் காப்பி. கல்யாணத்துக்கு முன்னால் சில வருடம் அந்த வேனில் போய் வந்தவள் மாரீஸ்வரி, அப்புறம் அச்சகத்தில் மெஷினுக்குப் பிளேட் போடுகிற வேலை. கலைக் கல்லூரி வாசனையே கிடையாது, மூன்று மாதம் ஒரு தபால் வழிப் படிப்பு, அதையும் பாதியில் விட்டாயிற்று. ஏன் வண்ணமே இல்லை என்று மங்கை கேட்டாள், எல்லாக் கலை எழுத்தாளர்களும் கேட்கிற மாதிரி, பதிலை ஏற்கெனவே தயாராக வைத்துக்கொண்டு. “நாள் பூரா கலரத்தான் பாக்கேன்க்கா. சாமி படம், நடிகை படம், ரோசாப்பூ. வீட்டுக்கு வந்து பிரஷ்ஷ எடுத்தா அது எதுவுமே கைல வரமாட்டேங்குது. வேன்ல பாத்த நெறம் மட்டுந்தான் வருது.” அவ்வளவுதான் சொன்னாள். கேலியும் இல்லை, விலைச்சீட்டும் இல்லை. பட்டாசில் கலக்கிற அலுமினியப் பொடி படிந்த தோல் சாயங்கால வெளிச்சத்தில் என்ன நிறமாக இருக்குமோ அந்த நிறத்தைத் தேடித் தேடி, பொடியைக் கழுவின முகம் ஒரு சாம்பல், கழுவாமல் விட்டுப்போன பிடரி இன்னொரு சாம்பல் என்று குழைத்துக் குழைத்து வைத்திருந்தாள். வண்ணம் வெளியே இருக்கிறதாம். வண்ணம் உள்ளேதான் ஐயா இருக்கிறது, நீ பார்க்கவில்லை. அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. வேனுக்கு ஜன்னலே இல்லையா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். மாரீஸ்வரி படத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். “வேணும்னா போட்டுர்றேன்க்கா. ஒருநா வேலதான்.” மங்கை பதறிப்போய் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர்கள் கேட்டால் போட்டுவிடுவாள். அவளுக்கு அது மரியாதை.

“சாப்பிட வரலையா?” கதவு கொஞ்சம் திறந்து ராமலிங்கத்தின் தலை மட்டும் உள்ளே வந்தது. தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு மனைவியின் கூட்டங்களை எட்டிப்பார்ப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. கேமராவில் தெரியாமல் சுவரோடு சுவராக நின்றுகொள்வார், அந்தக் கலையில் கெட்டிக்காரர். மங்கை உதடு அசையாமல் விஷயத்தைச் சொன்னாள், அப்படிச் சொல்ல இவளும் கெட்டிக்காரிதான். அவர் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். குப்பைல போற பேப்பரைப் பத்தியா இவ்ளோ நேரம் பேசறாங்க என்றார். பிறகு சிரிப்பு நின்றது, மனுஷர் யோசித்தார். “நீ சொல்லலைன்னா யாருக்கு மங்கை தெரியப்போகுது? அந்தப் பொண்ணுக்கு நல்லதுதானே நடக்குது. ஜெயிச்ச அப்புறம் மெதுவா சொல்லிக்கோ.” அப்புறம் என்று ஒன்று உண்டா என்ன. நடுவர் குழுவின் பாராட்டுரை அச்சாகும், பட்டையைப் பற்றித்தான் அச்சாகும், அதைப் பார்த்து அடுத்தவர் எழுதுவார், அவரைப் பார்த்து இன்னொருவர், இந்தத் தொழில் அப்படித்தான் நடக்கிறது, ஒருவர் பார்த்ததைத்தான் மற்றவர்கள் பார்க்கிறார்கள். எழும்பூரில் ஞானச்செல்வன் என்று ஒரு ஓவியர் இருந்தார். அவருடைய ஒரு படத்தின் மூலை கொசுவர்த்திச் சுருள் பட்டுக் கருகிப்போயிருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு விமர்சகர் அந்தக் கருகலைப் பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்று எழுதினார். ஞானச்செல்வன் மறுக்கவில்லை, பாவம், முதன்முறையாக ஒருவர் பாராட்டியிருக்கிறார், எப்படி மறுப்பார். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் ஒவ்வொரு படத்தின் மூலையையும் கருக்கிக்கொண்டே இருந்தார், கருகாத படம் விற்கவில்லை. அவருடைய மனைவி மளிகைச் சாமானோடு கொசுவர்த்தியும் சேர்த்து வாங்குவார். கடைசிக் கண்காட்சியில் ஞானச்செல்வன் இவளிடம் வந்து, மூலையைத் தவிர எங்கேயாவது பார்த்தீங்களாம்மா என்று கேட்டார். என்ன பதில் சொன்னோம்? பார்த்தேன் சார் என்றுதான் சொல்லியிருப்பாள், நினைவில்லை. ராமலிங்கம் சாம்பார் ஆறிவிடும் என்று முணுமுணுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வாம்புய் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதலில் பட்டை உறுத்தியதாம், இப்போது ரஃபயேல் சொன்ன பிறகு அதுதான் படத்தின் சாவி என்று தோன்றுகிறதாம். சாவியாம். இங்க்ரிட் தலையசைத்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், அவள் அப்படிச் செய்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம், லிஸ்பன்காரர் உப்பளத்தோடு போய்விட்டார். ரஃபயேலுக்கு அடக்க முடியவில்லை. கிடங்கின் ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரைக்கும், அந்தப் பட்டையைப் பெரிதாக அச்சடித்து ஒட்டச் சொல்லலாமே என்றான், ஓவியர் சம்மதிப்பாரா என்று கேட்டு எழுதலாமே. சம்மதிப்பாளா. வேணும்னா ஒட்டிர்றேன் சார், ஒருநா வேலதான். மங்கைக்கு அந்தக் குரல் பக்கத்தில் கேட்ட மாதிரி இருந்தது. அந்தச் சுவருக்கு முன்னால் வேன் பெண்கள் ஒன்பது படத்திலும் தூங்குவார்கள், வந்தவர்கள் எல்லோரும் சுவருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள், அடுத்த வருடம் இன்னொரு ஊர், இன்னொரு பட்டை. சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும் என்று பார்ப்போம். இவர்கள் மூவரும் ஒரு மணி நேரமாகக் குப்பைத் தாளுக்கு வியாக்கியானம் சொன்னார்கள் என்று ஆகும். அவமானப்பட்டவர்கள் ஓட்டுப் போடுவார்களா. உப்பளம் மறுபடி உள்ளே வரும், மாரீஸ்வரி வெளியே போவாள், இவள் வாயால் போவாள். மாரீஸ்வரிக்கு இது தெரியவே தெரியாது, தேர்வாகவில்லை என்று இரண்டு வரியில் ஒரு தகவல் வரும், பரவால்லக்கா என்று போனில் சொல்வாள். இவளையும் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். தெற்கில் வேறு குரலா இல்லை. சொல்லாமல் விட்டால் அவள் ஜெயிப்பாள். யார் ஜெயிப்பது? பட்டை ஜெயிக்கும். சொன்னால் தோற்பாள். தோற்றாலும் அவள் கையில் அவளுடைய சாம்பல் இருக்கும், நாளைக்குச் சாயங்காலமும் குழைப்பாள். ஆனால் கிடங்கு, அவ்வளவு பெரிய இடம், ஒரு படத்தையாவது நிமிர்த்தி நிறுத்தி அவளே தள்ளி நின்று பார்க்கிற இடம். அது போய்விடுமே. போகட்டுமா? இவள் யார் போகட்டும் என்று சொல்ல, இவள் யார் இருக்கட்டும் என்று சொல்ல, இப்படியே சுற்றிச் சுற்றி வந்தால் கூட்டம் முடிந்துவிடும், சும்மா இருப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இங்க்ரிட் இவள் பெயரைச் சொன்னாள். மங்கை, நீங்கள் சந்தோஷமாக இருப்பீர்கள், கடைசி வார்த்தை உங்களுடையது, பிறகு ஓட்டெடுத்துவிடலாம். மூன்று முகங்களும் சிரித்துக்கொண்டு இவளைப் பார்த்தன, பரிசுப்பொருளை நீட்டிவிட்டுப் பிரிக்கச் சொல்கிறவர்கள் மாதிரி. மங்கை மைக்கைத் திறந்தாள்.

“அந்தப் பட்டை படத்தைச் சேர்ந்தது இல்லை,” என்றாள். அச்சகம், மை, நிறம் பார்க்கிற கட்டங்கள், விண்ணப்பக் குறிப்பு, தமிழில் அதை எழுதியது தான்தான் என்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள், யாருடைய முகத்தையும் பார்க்காமல், கேமராவின் சின்னப் பச்சை விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு. நாம் கேட்டோம், அவர் வைத்தார், அவ்வளவுதான். சொல்லி முடித்தாள். வாம்புய் குனிந்துகொண்டாள். இங்க்ரிட் கண்ணாடியை மறுபடி கழற்றினாள், ஆனால் துடைக்கவில்லை. அப்படியானால் பட்டையைப் பற்றிச் சொன்னதையெல்லாம் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது, கூட்டக் குறிப்பிலிருந்தும் எடுத்துவிடலாம் என்றாள், குரலில் அந்த ஊர்க் குளிர் மொத்தமும் இருந்தது. ரஃபயேலின் காது சிவந்திருந்தது. கோபமா வெட்கமா தெரியவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது.

“அப்படியென்றால் மிச்சம் என்ன இருக்கிறது?” என்று கேட்டான்.

“படம் இருக்கிறது,” என்றாள் மங்கை. “பட்டையின் மேல் கையை வைத்து மறைத்துவிட்டுப் பாருங்கள். தயவுசெய்து. கொஞ்ச நேரம் பேசாமல் பாருங்கள்.” நடுவர் குழுவில் யாரும் யாரிடமும் இப்படிக் கேட்பதில்லை, பள்ளிக்கூடத்தில் கேட்பது மாதிரி இருந்தது, கேட்ட பிறகுதான் அது உறைத்தது. உறைத்தால் உறைக்கட்டும். தோற்கப்போகிறோம் என்றால் மாரீஸ்வரியின் படத்தைக் காட்டிவிட்டுத் தோற்போம், இந்தப் பட்டையை வைத்துக்கொண்டு ஜெயிக்க மாட்டேன். அவள் தன் உள்ளங்கையைத் திரையின் இடது ஓரத்தில் பொத்திப் பிடித்துக்கொண்டாள். முதலில் வாம்புய்யின் கை வந்தது, கேமராவுக்கு மிக அருகில், ரேகையெல்லாம் தெரிய. பிறகு இங்க்ரிட்டின் கை, மோதிரத்தோடு. ரஃபயேல் யோசித்தான், காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான், அவனும் கையை நீட்டினான். நாலு கட்டத்திலும் நாலு கை. எவ்வளவு நேரம் என்று மங்கை பார்க்கவில்லை; வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை, பிறகு கிளம்பிப் போனது. ரஃபயேல் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தான். இது ஒரே சாம்பல் இல்லை, என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னான், பிடரியில் வேறு. இங்க்ரிட் கையை எடுக்கவில்லை.

“இந்த ஓரத்தில் ஒருத்தி,” என்றாள் வாம்புய். “கதவுப் பக்கத்தில், பட்டைக்கு அடுத்தாற்போல. எல்லோரும் தூங்குகிறார்கள், இவள் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டிருக்கிறாள். நம்மைப் பார்க்கிறாள். மங்கை, யார் இது?”

மங்கை பார்த்தாள். இருட்டோடு இருட்டாகக் கலந்துபோன ஒரு முகம், கறுப்புக்கு மிகக் கிட்டே போய்விட்ட சாம்பல், அதில் இரண்டு கண். அன்றைக்கு மாரீஸ்வரி வீட்டில் பீரோ நிழலில் இருந்த பாதி. எத்தனை தடவை இந்தப் படத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாள், எழுதியிருக்கிறாள், இந்தப் பெண்கள் அத்தனை பேரும் தூங்குகிறார்கள் என்று ஒரு கட்டுரையை அந்த வாக்கியத்திலேயே ஆரம்பித்திருக்கிறாள். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் இப்போது, ஓவியர் தன்னையே வரைந்திருக்கிறார் என்று சொல்லலாம், நன்றாக இருக்கும், நம்புவார்கள், ஓட்டும் விழும். வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மங்கை அதை விழுங்கினாள்.

“தெரியவில்லை,” என்றாள். “நானும் இப்போதுதான் பார்க்கிறேன்.”